அந்தோனியாருக்கு நேர்ந்த கொடுவா

அபிராமபுரம்,
புதன்கிழமை

அன்போடும், மரியாதையோடும், இந்தத் தடவை கொஞ்சம் கோபத்தோடும் ஃபாதர் தம்பி வின்சென்டுக்கு அக்கா ஃப்ளோரன்ஸ் எழுதிக்கொள்வது.

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க. அந்தோனியாரைப் பற்றிக் கீழே வருகிறது. அந்த விவகாரம் தீரும்வரை அவருக்கு வாழ்க போடுவதாக இல்லை.

இங்கே நாங்கள் நலம். உன் நலமும், உன் பங்கு மக்கள் நலமும், உன் புதுக் காரின் நலமும் அறிய ஆவல். நீ குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து உன்னை ‘நீங்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபத்தில் வராது, மன்னித்துக்கொள். திங்கட்கிழமையே இதையெல்லாம் வாட்ஸப்பில் விவரமாகக் கேட்டிருந்தேன். நீ கைகூப்புகிற படம் ஒன்றும் ரோஜாப்பூ ஒன்றும் அனுப்பினாய். ரோஜாப்பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது தீர்ப்பு. அதனால்தான் காகிதம் எடுத்தேன். காகிதத்துக்கு ரோஜாப்பூ அனுப்ப முடியாது.

உன் மாமா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததை வேறு மாதிரி சொல்லியிருப்பார் என்பதால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மொட்டைமாடியில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான். உன் மாமா அல்போன்ஸ், ரிட்டயரான ஃபிசிக்ஸ் வாத்தியார், மாடி ஏறும்போது முழு மீசையோடு. என் மகள், நம் சோஃபியா. அவள் கட்டிக்கொள்ள நினைக்கிற பையன் ஆஸ்வின், அவளோடு அடையாறில் ஒரே பாங்கில் வேலை. ஆஸ்வினின் அம்மா எமல்டா, கொட்டிவாக்கம். வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், எந்தக் கடலில் என்று கேட்டால் எமல்டாவே மேப் பார்த்துத்தான் சொல்கிறார். நம் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபாதர் இருதயராஜ். பாதியில் வந்து சேர்ந்தவர், கீழ் வீட்டு ராஜகோபாலன் சார். அவர் வீட்டு வடாம், நாலு புடவை நிறைய. ஒரு கொடுவா மீன். இவ்வளவுதான். அந்தோனியார் இருந்தாரா இல்லையா என்பதை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

இப்போது கதைக்கு வருகிறேன். அதற்கு முந்தின ஞாயிறு எமல்டா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கொட்டிவாக்கத்தில் நல்ல வீடு, மாடி மேல் மாடி, பின்னால் தோட்டம், தோட்டத்தில் ஒரு கேஸ் கிரில். நம் ஊர் தந்தூரி அடுப்பு மாதிரி கரி கிடையாது தம்பி, சிலிண்டரில் ஓடுவது, பியானோ மாதிரி ஒரு மூடி, அதில் சூடு காட்டுகிற முள். அந்த அம்மா ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், வவ்வால் மீனைப் புரட்டிப் போட்டபடி, “நாங்க சண்டேன்னா கிச்சனுக்குள்ளயே போறதில்லைங்க, எல்லாம் அவுட்டோர்தான்” என்றார். நல்லது, மீனைத் தின்றுவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உன் மாமா வாயில் முள் இருக்கும்போதே பேசினார்: “நம்ம வீட்லயும் அதே கதைதாங்க. மொட்டைமாடியில பெருசா ஒண்ணு போட்டு வெச்சிருக்கோம்.”

எங்கள் மொட்டைமாடியில் பெரிதாக இருப்பது தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான்.

சோஃபியா மேஜைக்கடியில் அவரை உதைத்தாள், உதை எனக்கு விழுந்தது. எமல்டாவின் முகம் அன்றைக்கு முதல்தடவையாகக் கொஞ்சம் விரிந்தது. “அப்படியா! சொல்லவே இல்ல பாருங்க. அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை உங்க மாடியில சாப்பிட்டுக்கிட்டே மத்த விஷயத்தப் பேசி முடிச்சிடலாமே” என்றார். மற்ற விஷயம் என்றால் கல்யாண விஷயம். சோஃபியா அந்தப் பையனுக்காக எத்தனை வரனைத் தட்டிவிட்டாள் என்று உனக்குத் தெரியும், பாதி வரன் நீ கொண்டு வந்ததுதான். ஆஸ்வின் தங்கமான பையன், ஆனால் ஒரே பேச்சு: “அம்மா மனசார சரின்னு சொல்லணும் ஆன்ட்டி. இல்லன்னா என்னால முடியாது.” ஆக, என் மகளின் கல்யாணம் எங்களிடம் இல்லாத ஓர் அடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வரும் வழியில் கேட்டேன், ஏங்க, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறீர்கள், எட்டாம் கட்டளையை நீங்கள்தானே நடத்துகிறீர்கள், பொய் சொல்லலாமா என்று. “வாய்ல வந்திடுச்சு ஃப்ளோ” என்றார். பிறகு, “ஞாயித்துக்கிழமைக்குள்ள வாங்கிட்டா அது பொய்யே இல்ல. முன்கூட்டியே சொன்ன உண்மை” என்றார். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு உதவும்.

என் படிப்பு உனக்குத் தெரியும். எட்டாவதோடு நிறுத்தினார்கள், மீதியெல்லாம் நானாகப் படித்தது. ஆங்கிலம்கூடப் பூசைப் புத்தகத்தை வைத்துக் கற்றதுதான். அதனால் யூடியூபில் ஓர் ஆஸ்திரேலியாக்காரர் பேசுவதை ஜெபமாலை மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டு, எது நல்ல கிரில் என்று புரிந்துகொண்டு, அதன்பிறகுதான் தி.நகர் கடைக்குள் கால் வைத்தேன். அங்கே ஒரு பையன் உன் மாமாவைப் பார்த்ததும் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டான். “சார், இத்தப் பாருங்க. ஆறு பர்னரு. சைடுல ஒண்ணு எக்ஸ்ட்ரா. நைட்டானா நாப் எல்லாம் ப்ளூ லைட் எரியும். முழு ஆடே வெக்கலாம் சார்.” உன் மாமா மூடியைத் தர்ப்பூசணி தட்டுகிற மாதிரி தட்டிப் பார்த்து, “ஃப்ளோ, ஆடு வெக்கலாமாம்” என்றார். ஆட்டை எந்தப் படியில் ஏற்றுவது, லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். பிறகு நான் பையனிடம் போனேன். பர்னர் இரண்டு போதும், ஆனால் ஒன்றை எரியவிட்டு இன்னொன்றை அணைக்க முடிய வேண்டும். அப்போதுதான் அணைந்த பக்கம் மீனை வைத்து மூடினால் கருகாமல் வேகும். கம்பி பளபளவென்று மெலிசாக இருக்கக்கூடாது, வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும், தோசைக்கல் மாதிரி எண்ணெய் காட்டிப் பழக்கலாம். சொட்டுகிற கொழுப்பு விழுகிற தட்டு முன்னால் இழுத்தால் வர வேண்டும். இந்த டியூபும் ரெகுலேட்டரும் நம் ஊர் சிலிண்டருக்குச் சேருமா, சேராவிட்டால் ஐஎஸ்ஐ முத்திரை போட்டதாக மாற்றித் தருவாயா? “இன்னா மேடம், ஓட்டலு வெக்கப் போறீங்களா? இவ்ளோ கேள்வி எங்க ஓனரே கேட்டதில்ல” என்றான். இரண்டு பர்னர்தான் வாங்கினோம். விலையை எழுதவில்லை. எழுதினால் நீ அடுத்த மாதப் பிரசங்கத்தில் என்னைப் பெயர் சொல்லாமல் சேர்த்துவிடுவாய்.

இனிமேல்தான் அந்தோனியார். செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போனேன். வீட்டுக் கணக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கு நேர்ச்சைக் கணக்கும், எந்தப் புனிதருக்கும் பாக்கி வைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. “அந்தோனியாரே, சோஃபியா கல்யாணம் கூடி வரட்டும். அந்த அடுப்பில் முதன்முதலாக நல்லபடியாகச் சமைந்து வருவதை அப்படியே உம்முடைய ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்” என்று நேர்ந்துகொண்டேன். நேரும்போதே எனக்கு ஒரு திட்டம் இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. முதலில் ஒரு கத்தரிக்காயைச் சுட்டு, அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் அவர் பங்கு தீர்ந்தது, மிச்சமெல்லாம் சம்பந்திக்கு. இவ்வளவு பெரிய புனிதருக்கு ஒரு கத்தரிக்காயா என்று நீ கேட்கலாம். பெரிய கத்தரிக்காய்தான்.

சனிக்கிழமை அடுப்பு வந்து இறங்கியது. அன்றைக்கே பற்றவைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஆஸ்திரேலியாக்காரருக்கு நம் வீட்டு வழக்கம் தெரியாது. நம் வீட்டில் ஸ்கூட்டர் வாங்கினாலும் சாமியார் மந்திரிக்காமல் கிக் அடித்ததில்லை, சோஃபியாவின் லேப்டாப்புக்குக்கூடத் தீர்த்தம் தெளித்துத்தானே சுவிட்சு போட்டோம், நீதானே தெளித்தாய், அந்த ஸ்பேஸ் பார் இன்றைக்கும் ஒட்டிக்கொள்கிறது. அதனால் உன் மாமா, “மந்திரிக்காம நெருப்பு வெக்கக்கூடாது. நாளைக்கு ஃபாதரக் கூப்பிடறேன், சம்பந்தி முன்னாடியே மந்திரிச்சா மரியாதையா இருக்கும்” என்றார். நான் சோப்பு நுரையை டியூபில் தடவிக் கசிவு இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். புக் பண்ணின சிலிண்டர் வரவில்லை, ஆகையால் சமையலறையில் இருந்த ஒரே சிலிண்டரை ஞாயிறு காலை மாடிக்கு ஏற்றினோம். அதாவது, அன்றைக்கு வீட்டில் வெந்நீர் வைக்கக்கூட வேறு நெருப்பு கிடையாது. அதைக் குறித்துக்கொள்.

ஞாயிறு மத்தியானம். வெயிலில் அந்த மாடித் தரையே ஒரு கிரில்தான், தனியாக ஒன்று வாங்கியிருக்கவே வேண்டியதில்லை. எமல்டா குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார். ஃபாதர் இருதயராஜ் பூசை முடித்து நேராக வந்துவிட்டார், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம், சாயங்காலம் ஒரு ஞானஸ்நானம் வேறு இருக்கிறதாம். இளம் சாமியார், எதிலும் நிறையச் செய்கிறவர். தீர்த்தத்தை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். ஜெபம் நன்றாகச் சொன்னார், அடுப்பை நான்கு பக்கமும் தெளித்தார், அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. உன் மாமா மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “உள்ளயும் தெளிங்க ஃபாதர், அங்கதான முக்கியம்” என்றார். அவர் பாட்டிலையே கவிழ்த்துவிட்டார். பர்னர் துளை ஒவ்வொன்றிலும் ஆசீர்வாதம் நிரம்பி வழிந்தது.

பிறகு எங்கே பற்றுவது? பொத்தானை அமுக்கினால் டிக். இன்னொரு தடவை, டிக். உன் மாமா அமுக்கினார், ஆஸ்வின் அமுக்கினான், ஃபாதர் சிலுவை போட்டுவிட்டு அமுக்கினார். டிக் டிக் டிக். எமல்டா குடைக்கடியிலிருந்து, “எங்க வீட்ல ஒரே க்ளிக்தாங்க” என்றார், ரொம்ப மென்மையாக. நான் சோஃபியாவின் ஹேர் டிரையரை எடுத்துவரச் சொல்லி, ஒயர் இழுத்து, அடுப்பின் வயிற்றுக்குள் காட்டினேன். தீர்த்தத்தை ஹேர் டிரையரால் காயவைத்தால் பாவமா என்பதையும் உன் பதிலில் ஒரு வரி எழுது. நான் கொஞ்சம் காயவைத்துவிட்டு மந்திரித்த மெழுகுதிரி எடுத்துவரக் கீழே போன நேரத்தில், உன் மாமா மூடியைச் சாத்திவிட்டு, கேஸைத் திறந்துவிட்டு, இது ஏன் பற்றவில்லை என்று ஆஸ்வினுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். “எல்பிஜிங்கறது காத்தவிடக் கனம் தம்பி, அது அடியிலயே தங்கும்...” நான் படியேறும்போதே நாற்றம் மூக்கில் அடித்தது. “மூடியத் தொறங்க! மொதல்ல கேஸ மூடுங்க!” என்று கத்தினேன். “ஏய், நான் வாயுக்களப் பத்தி வாழ்நாள் பூரா பாடம் எடுத்தவன்” என்றபடி மூடியைத் தூக்கி, கூடவே பொத்தானையும் அமுக்கினார். அந்த நேரம் பார்த்து அது வேலை செய்தது.

புஸ்ஸென்று இல்லை தம்பி, டுப்பென்று. நெருப்பு ஒரு ஆள் உயரம் எழுந்து, சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடவுளுக்குத் தோத்திரம். உன் மாமாவின் மீசை மட்டும் இடது பக்கம் இல்லை. கண்ணாடி போட்டிருந்ததால் புருவம் பிழைத்தது. எமல்டா குடையை முகத்துக்குக் கொண்டுபோனார். அது சிரிப்பா தும்மலா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சத்தத்துக்குத்தான் ராஜகோபாலன் சார் ஓடி வந்தார். “என்ன அல்போன்ஸ் சார், பாம் கீம் போட்டேளா? எங்காத்து ஷோகேஸ்ல பொம்மையெல்லாம் எழுந்து நிக்கறது!” சொல்லிக்கொண்டே திரும்பியவர் புடவைகளைப் பார்த்தார். “ஐயய்யோ, ஆத்துக்காரி சந்திரிகா போட்ட வடாம்! புகை பூரா அது மேலன்னா போறது!” அவரும் நானும் சோஃபியாவும் ஆளுக்கொரு புடவை நுனியைப் பிடித்து வடாத்தைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டோம். போய்விடுவார் என்று பார்த்தால், துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடுப்பருகே வந்து நின்றார். “யாரு இது மூடியத் தொறந்து தொறந்து பாத்துண்டு? சூடு எப்படி நிக்கும்? நியூ ஜெர்சில பிள்ளையாத்துக்குப் போனா கிரில்லுக்கு நான்தான் இன்சார்ஜ். சோளம், குடமிளகா, பனீர். உள்ள என்ன வேகறதோ எனக்குத் தெரியாது, நான் பாக்க மாட்டேன், ஆனா மூடுங்கோ!” என்றார். கண்ணை மூடிக்கொண்டே உத்தரவு போட்டவர் அன்று அவர் ஒருவர்தான்.

இத்தனை கலவரத்தில் என் கத்தரிக்காய் என்ன ஆனது? டுப்புக்குப் பிறகு முதலில் அதைத்தான் வைத்தேன், திட்டப்படி. மீசையையும் வடாத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது கரித்துண்டாகிக் கிடக்கிறது. அதை எடுத்து அந்தோனியாருக்கு என்று வைக்க எனக்குக் கை வரவில்லை. கருகினதைக் கொண்டுபோய்க் கடவுளிடம் நீட்டினால் அது காயீன் காணிக்கை ஆகிவிடாதா? சரி, அடுத்து வருகிற கோழியில் ஒரு துண்டை அவருக்கு ஒதுக்கலாம் என்று நினைத்தேன். கோழியை உன் மாமா எடுத்துக்கொண்டார். தயிரும் எண்ணெயும் சொட்டச் சொட்ட இரண்டு பர்னரையும் முழுசாக வைத்து நெருப்பு மேலேயே போட்டார், எண்ணெய் விழுந்து விழுந்து ஜுவாலை எழும்பியது. எமல்டா ஒரு காலை எடுத்து முள்கரண்டியால் பிளந்தார். வெளியே கரிந்த சாம்பல் புதன், உள்ளே ரத்தம் வடிகிற பெரிய வெள்ளி. தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

கடைசியாகத்தான் நான் என் கொடுவாவை எடுத்தேன். காலையில் நொச்சிக்குப்பத்தில் நானே செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கியது. மிளகு, பூண்டு, இஞ்சி, கொஞ்சம் வினிகர், வாழையிலையில் முழுசாகச் சுற்றியது. உன் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்தேன், ஒரு பர்னரை அணைத்தேன், அணைந்த பக்கம் மீனை வைத்தேன், மூடினேன், முள்ளைப் பார்த்தபடி ஒரு ஜெபமாலை முழுசாகச் சொன்னேன். இலையைப் பிரித்தபோது வந்த வாசனை இருக்கிறதே தம்பி, ஃபாதர் இருதயராஜ் எழுந்தே நின்றுவிட்டார். எமல்டா குடையை மடக்கினார். “வெள்ளை வெளேர்னு இதழ் இதழா வருதே” என்று தட்டை நீட்டினார். முகம் மலர்ந்தது. ஆஸ்வின் சோஃபியாவைப் பார்த்தான். எல்லாம் கூடி வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அடுப்பில் முதன்முதலாக நல்லபடியாகச் சமைந்து வந்தது இதுதான்.

கரண்டியைக் கீழே வைத்தேன். உன் மாமாவைத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன், இது நம்முடையது இல்லை, அந்தோனியாருடையது என்று. அரை மீசையோடு யோசித்தார். “கல்யாணம் கூடினாத்தான நேர்ச்சை? இன்னும் கூடலையே. கூடாத வரைக்கும் மீன் நம்மளுது, போடு” என்றார். “இதச் சாப்பிட்டா அந்தம்மா சரின்னு சொல்லுவாங்க. சரின்னு சொன்னா மீன் அந்தோனியாருக்கு. அப்ப வயித்துல இருந்தா எடுத்துக் குடுப்பீங்க?” என்றேன். “சரி, போட வேணாம்.” “போடாட்டி அவங்க சரின்னு சொல்ல மாட்டாங்க. சொல்லலன்னா நேர்ச்சையே இல்ல. அப்ப போட்டிருக்கலாமே?” அவர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “இது ஃபிசிக்ஸ்ல இல்ல ஃப்ளோ” என்றார்.

நான் சபையில் போய் உள்ளதைச் சொன்னேன். சோஃபியா, “அம்மா, ப்ளீஸ்ம்மா” என்றாள். ஃபாதர் இருதயராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஏழைங்கன்னா யாரும்மா? ஒரு விதத்துல பாத்தா நானுந்தான். நான் குருவானவன்” என்றார். “ஃபாதர், நீங்க மறைமாவட்டச் சாமியார். ஏழ்மை வாக்கு எடுக்கறவங்க துறவறச் சபைக்காரங்கதான். எங்க தம்பி பட்டம் வாங்கறப்ப பக்கத்துலயே நின்னேன், ஆயர் ஏழ்மையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்புறந்தான் அவன் கார் வாங்கினான்” என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். எமல்டா நீட்டின தட்டை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். “எங்க வீட்ல அந்தோனியாருக்கு ரொட்டிதாங்க கொடுப்போம்” என்றார். “எங்க வீட்லயும் ரொட்டிதாங்க. இந்தத் தடவ வாய் நீண்டுபோச்சு” என்றேன். கீழே கேஸ் இல்லை, மேலே கோழி இல்லை. பாவம் ராஜகோபாலன் சார்தான், “எங்காத்துல புளிக்காய்ச்சல் இருக்கு, சாதம் வடிச்சு அனுப்பச் சொல்றேன்” என்று இறங்கிப் போனார். கேஸ் கிரில்லைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் புளியோதரை சாப்பிட்டோம். எமல்டா கிளம்பும்போது, “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். ஆஸ்வின் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து சோஃபியா என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமானால்கூட அப்பா வழியாகக் கேட்கிறாள். நேற்று ஆபீசுக்கு இரண்டு பையோடு போனாள், இன்னொன்றில் என்ன என்றால் ‘ஃபைல்’ என்று பதில் வந்தது, அதுவும் அப்பா வழியாக. மீன் இலையோடு ஃப்ரீசரில் இருக்கிறது. உன் மாமா ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் சத்தம் கேட்டதால், ஃப்ரீசர் கதவில் அந்தோனியார் படத்தை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு திறக்கட்டும், திறக்க முடிந்தால்.

இப்போது என் கேள்வி. இந்த மீன் யாருடையது? எமல்டா சரி என்று சொல்கிறவரை காத்திருந்தால் மீன் கெட்டுப்போகும். சொல்வதற்கு முன்பே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால், கல்யாணம் நின்றாலும் அந்தோனியாருக்குக் கூலி போய்ச் சேர்ந்துவிடும், அது நியாயமா? நேர்ச்சையை மாற்றித்தர உனக்கு அதிகாரம் உண்டா, ஆயரிடம் போக வேண்டுமா? கத்தரிக்காய் ஒரு கூடை கொடுத்தால் ஒத்துக்கொள்வாரா? அடுப்பைப் பொறுத்தவரை நான் முடிவு செய்துவிட்டேன். அது இனி இந்த வீட்டில் எரியாது. சாக்கு போட்டு மூடியாகிவிட்டது. உன் பங்குத் திருவிழா அசன விருந்துக்கு வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போ. உள்ளே ஏற்கெனவே மந்திரித்திருக்கிறது.

நாங்கள் உனக்காகச் செபிக்கிறோம், நீயும் பூசையில் எங்களை நினைத்துக்கொள், முக்கியமாக உன் மாமாவை, மீசை வளரும்வரை. மாதா உன்னையும் உன் காரையும் காப்பாற்றட்டும்.

அன்புள்ள அக்கா,
ஃப்ளோரன்ஸ்

பி.கு.: கவரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது எமல்டா போன் பண்ணினார். ஒட்டினதைப் பிரித்து எழுதுகிறேன். “சம்பந்தி!” என்றுதான் ஆரம்பித்தார். “நேத்து சாயங்காலம் சோஃபியா வந்து மீனக் குடுத்துட்டுப் போனா. எங்க கிரில்லுல லேசா சூடு காட்டினோம். ஃப்ரீசர்ல இருந்து வந்த மீனே இப்படின்னா! ஏழைங்களுக்கு வேற மீன் வாங்கிக் குடுத்தாச்சுன்னு சொன்னா, அப்புறந்தான் நானே வாய்ல வெச்சேன். நீங்க நேர்ந்தத எனக்காகக்கூட மாத்தலன்னு அன்னிக்குக் கோவமாத்தான் இருந்துது. மீனச் சாப்பிட்டதும் போயிடுச்சு. தேதி பாத்துடுங்க. நிச்சயதார்த்தத்துக்கு உங்க மாடியில உங்க கிரில்லையும் எங்க கிரில்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஜமாய்ச்சிடலாம்.”

நான் ஓடிப்போய் அந்தோனியாரைத் தள்ளி ஃப்ரீசரைத் திறந்தேன். வாழையிலை இருக்கிறது. பிரித்தால் உள்ளே பச்சைப் பட்டாணி பாக்கெட். சோஃபியாவை ஆபீசில் கூப்பிட்டு, எந்த ஏழைக்கு எந்த மீனை எப்போது கொடுத்தாய் என்று கேட்டேன். மூன்று நாள் கழித்து முதல்தடவையாக என்னோடு நேராகப் பேசினாள்: “நாளைக்கு வாங்கிக் குடுத்துடும்மா. குடுத்துட்டா அது பொய் இல்ல, முன்கூட்டியே சொன்ன உண்மை.” அப்பனுக்குப் பிறந்தவள்.

ஆக, கல்யாணம் கூடிவிட்டது, நேர்ச்சை இப்போது நிச்சயம் உண்டு, மீன் நிச்சயம் இல்லை. அந்தோனியாருடைய மீனைத் தின்றவர் எமல்டா, அவர் ஏழை என்று அந்தோனியாரே சொன்னாலும் கொட்டிவாக்கத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், தனியாக இருக்கிறார், அந்த வகையில் ஏதாவது சேர்க்க முடியுமா என்று பார். முடியாது என்றால் நாளைக் காலை நொச்சிக்குப்பம் போய் வேறு கொடுவா வாங்குவேன். ஆனால் அது இரண்டாவதாகச் சமைந்த மீன்தானே, முதலாவதாகச் செல்லுமா? சாக்கை எடுத்து அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டேன், அசனத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

ரோஜாப்பூ வேண்டாம். சீக்கிரம் பதில் எழுது.